ஏறிடுவ கண்ணு, இறங்குறது யாரு?

வா நைனா, திண்ணையில உக்காரு. செருப்பை வாசல்லயே விடு, உங்க ஆயா இப்பத்தான் கழுவி விட்டா.

நந்தி மலை ஏறுற சைக்கிள் ரேஸுக்குப் பணம் கட்டிட்டியாமே? உங்கம்மா காலையில வந்து சொல்லிட்டுப் போனா. மெட்ராஸ் பக்கம் கடல்ல காத்தழுத்தம், கோலார், சிக்கபள்ளாபுரம் எல்லாம் மழைன்னு டிவியில சொல்லியாச்சு. அதைக் கேட்டதும் நீ சைக்கிளை உள்ள எடுத்து வெச்சிடுவன்னு அவ நெனச்சிருக்கா. நீ செயினுக்கு எண்ணெய் விட்டுக்கினு இருந்தியாம். ‘மழையில ஏறுனாதாம்மா கெத்து’ன்னியாம். பெத்தவளுக்கு அது புரியல. எனக்கு நல்லாவே புரியுது. வெயில்ல ஏறுனா அது ரேஸு, மழையில ஏறுனா அது கதை. மாரிகுப்பத்துல ஸ்வர்ணா ரயில் ஏறி பெங்களூரு போய்ச் சேர்ற வரைக்கும் டெய்லி சொல்லலாம். எதிர்ல மாட்டுனவன் எழுந்து எங்க போவான்? அந்த வண்டியில நிக்கவே இடம் இல்ல.

நான் உன்னைத் தடுக்கப் போறதில்ல. தடுக்கறதுக்கு எனக்கு யோக்கியதையும் கிடையாது. நீ போற மலைக்குப் பழைய பேரு நந்திதுர்க். உங்க தாத்தன் ஆயுசுல பாதியும் நந்திதுர்க்குலதான் போச்சு. மலையில இல்ல, நம்ம ஊரு தங்கச் சுரங்கமான நந்திதுர்க் மைன்ல. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்னு கடைசி வரைக்கும் ஓடுன மூணுல அது ஒண்ணு. அப்பால என்னை சாம்பியன் ரீஃபுக்கு மாத்துனாங்க. உன் மலை உச்சி கடல் மட்டத்துலேந்து 1,478 மீட்டர். சாம்பியன் ரீஃபோட அடிமட்டம் தரையிலேந்து 3,200 மீட்டர். நம்ம ஊரு தரை கடலுக்கு மேல 800 மீட்டர் சில்லறை. கழிச்சுப் பாரு, நீதான் பி.காம். படிச்சவனாச்சே. கடலுக்கு அடியில ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ நின்னு கல்லு உடைச்சிருக்காங்க இந்த ஊரு ஆளுங்க. அங்க பாறை 60 டிகிரிக்கு மேல சூடு. மேலேந்து மெஷின் வெச்சு ஜில்லு காத்து அனுப்புவாங்க. எங்க முகத்துக்கு வந்து சேர்றப்போ அதுக்கே வேர்த்துக்கினு இருக்கும்.

எதுக்குச் சொல்றேன்னா, உயரம், ஆழம்னு என்கிட்ட கணக்கு காட்டாத. உன் மலை அடிவாரத்துலேந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் வாக்குல, ஏத்தம் ஐந்நூறு மீட்டருக்குள்ள. நாங்க கூண்டுல ஏறுனா மொத இறக்கத்துலயே அதைப் போல சில மடங்கு கீழ போயிடுவோம். அதுல எங்க கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் கிடையாது, வைண்டிங் இன்ஜின் ஓட்றவரு கெட்டிக்காரரு. கீழ போன கதைய எவனும் பெருசா சொல்ல மாட்டான். ஷிஃப்டு முடிஞ்சு மேல வந்து, லாம்ப்பைத் திருப்பிக் குடுத்தப்புறம்தான் எங்க ஊர்ல ஒரு ஆளு வேலைக்குப் போய்ட்டு வந்தான்னு அர்த்தம். குடுக்காத லாம்ப்பு ஒண்ணு இருந்தா சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே தெருவுக்குத் தெரிஞ்சிடும். உனக்கும் அப்படித்தான் வெச்சுக்கோ. உச்சியில கடிகாரம் நின்னுடும். உங்கம்மாவோட கடிகாரம் நிக்காது.

சரி, யோசனை கேட்டன்னா சொல்றேன். கேக்கலைன்னாலும் சொல்றேன், உக்காந்துட்ட இல்ல?

மொத விஷயம், விசில் அடிச்சதும் பறந்துடு. தயங்காத. போட்டோ பிடிக்கிறவன் மொத வளைவுலதான் நிப்பான், ஏன்னா அவனுக்கும் மலை ஏற முடியாது. அது வரைக்கும் நீதான் முன்னாடி இருக்கணும். அந்த போட்டோவுல மட்டும் நீ சாம்பியன். அப்பால வாயால மூச்சு வாங்கிக்கினு ஓரமா போ, மொதல்ல கிழவனுங்க தாண்டுவாங்க, அப்பால ஸ்கூல் பசங்க தாண்டுவாங்க. நந்தியில மேல போகப் போகத்தான் மேடு நிமிரும். கீழ செலவு பண்ண மூச்சை அங்க எவன் கடன் தருவான்? ஆனா போட்டோ நல்லா இருக்கும், கல்யாணத்துக்கு அனுப்பலாம். அதுல ஆசை இல்லன்னா, மொத அஞ்சு நிமிஷம் ‘இது நமக்கு ரொம்ப லேசா இருக்குதே’ன்னு தோணுற அளவுக்கு மிதி. லேசா இருக்குதுன்னு நெனைக்கிறப்பவே நீ வேகமாத்தான் போய்க்கினு இருப்ப.

ரெண்டாவது, உன் சைக்கிள். கார்பனாம், ஏழு கிலோவாம், மாசத் தவணையாம். உலக சைக்கிள் சங்கமே 6.8 கிலோவுக்குக் கீழ ரேஸ் வண்டி இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்குதுன்னு நீதான் சொன்ன. நல்ல வேளை, இல்லன்னா காத்துல செஞ்ச சைக்கிளுக்கும் தவணை போட்டிருப்ப. கணக்கு நான் ஒண்ணு சொல்றேன். நீயும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. மலை ஏற 25 நிமிஷம். ஒரு கிலோ குறைஞ்சா மிச்சமாகுறது கால் நிமிஷமும் கொஞ்சமும். அந்தக் கால் நிமிஷத்துக்குத்தான் லட்சத்துல செலவு. அதே ஒரு கிலோவை உங்க ஆயா செய்யிற போண்டாவுல ரெண்டைக் குறைச்சுக்கினே வந்தா ஒரு மாசத்துல பைசா செலவில்லாம இறக்கலாம். இறக்க மாட்ட. கிராம் கணக்குல பாட்டில் ஸ்டாண்டு வாங்கி மாட்டிட்டு, அதுல ரெண்டு பாட்டில் நிறைய தண்ணி ரொப்பிக்கினு போற ஆளு நீ. அரை மணி நேரத்துக்குள்ள முடியிற வேலைக்கு, அதுவும் மழையில, ஒன்றரை லிட்டர் தண்ணி யாருக்கு? வழியில இருக்குற குரங்குங்களுக்கா?

மழை ஏத்தத்துல உன்னை ஒண்ணும் பண்ணாது, அதைத் தெரிஞ்சுக்கோ. வேகம் இருந்தாத்தானே விழுறதுக்கு? நீ போற வேகத்துல நாய் கூட கொலைக்காது. ரெண்டு விஷயம்தான் பாக்கணும். நல்ல மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சன்னா உன் வெயிட்டு முன்னாடி போயிடும், பின் சக்கரம் ஈரத்துல வழுக்கி சும்மா சுத்தும். அதனால சீட்டுல உக்காந்தே மிதி, பின்னாடி பெரிய பல்சக்கரத்துல செயினைப் போட்டுக்கோ. 34 பல்லு போட்டா மானம் போயிடும்னு எவன் சொன்னானோ அவன் வளைவுல இறங்கித் தள்ளிக்கினு வர்றதை நீயே பாப்ப. இன்னொண்ணு, அந்த பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கினு ஏறாத. வெளிய மழை நனைக்கும், உள்ள வேர்வை நனைக்கும். ரெண்டு பக்கமும் தண்ணியோட உச்சியில போய் நிப்ப. அங்க காத்து காத்துக்கினு இருக்கும்.

இங்கதான் கதையே. நீயே ஒரு நாள் போன்ல காட்டுனியே, இத்தாலி ரேஸு, பனியில சைக்கிள்காரனுங்க. நீ அதுல ‘பாரு தாத்தா, எப்படி ஏறுறானுங்க’ன்னு காட்டுன. நான் மிச்சத்தைப் பாத்தேன். 1988 ஜூன் 5. காவியான்னு ஒரு கணவாய், 2,600 மீட்டருக்கு மேல. ஜூன் மாசத்துல பனி கொட்டுது. மொத ஆளா உச்சியத் தொட்டவன் யாரு? வான் டெர் வெல்டேன்னு ஒரு டச்சுக்காரன், அரைக்கை சட்டையோட. கெத்துன்னா அதுதான் கெத்து. தலையில பனி, கையில உறை இல்ல. உச்சி வரைக்கும் அவன்தான் ராஜா. அப்பால இறக்கம். கை விறைச்சுப் போச்சு, பிரேக் பிடிக்க விரல் மடங்கல. யாரோ ஒருத்தரு வண்டிக்குள்ள ஏறி உக்காந்து குளிர் காய்ஞ்சான். அவன் கீழ வந்து சேர்றப்போ மொதல்ல வந்தவன் வந்து 47 நிமிஷம் ஆச்சு! மொதல்ல வந்ததும் ஒரு டச்சுக்காரன்தான், பிரேகிங்க். ரெண்டாவதா வந்தவன் ஆண்டி ஹாம்ப்ஸ்டன், அமெரிக்காக்காரன். அவன்தான் மொத்தக் கணக்குல முன்னாடி இருக்குறவனுக்குக் குடுக்குற பிங்க் சட்டையப் போட்டு, கடைசியில அந்த மூணு வார ரேஸையே ஜெயிச்சான். அமெரிக்காவிலேந்து போய் அதை ஜெயிச்ச மொத ஆளு. அவன் கூட்டத்துல இருந்தவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? பனி வரும்னு தெரிஞ்சதும் பனிச்சறுக்கு சாமான் விக்கிற கடையில போய் கம்பளிக் குல்லா, கையுறைன்னு அள்ளிக்கினு வந்து, உச்சிக்குப் பக்கத்துல பையில போட்டு அவனாண்ட குடுத்தாங்க. அவ்ளோதான் ரகசியம். கடைக்குப் போனது.

உன் ஆளுங்க உச்சியில உனக்கு இன்னா வெச்சிருக்காங்க? மெடலும் செல்ஃபி எடுக்குற இடமும். நான் சொல்றேன், கேளு. மேல போற வண்டி எதுலயாவது ஒரு பையக் குடுத்து அனுப்பு. அதுல காய்ஞ்ச பனியன் ஒண்ணு, மழைக்கோட்டு, தடியான கையுறை, தலைக்கு ஒரு குல்லா. எங்க அக்காவோட கம்பளி ஸ்வெட்டர் இருக்குது, ஊதா கலரு, பூ போட்டது. வேணும்னா தரேன். சிரிக்காத. மேல போனதும் பத்து நிமிஷம் செல்ஃபி எடுத்துக்கினு நிக்கிறப்போதான் உடம்பு சூடு இறங்கும். நனைஞ்ச கோழி கணக்கா நீ வெடவெடன்னு நடுங்குறப்போ, அந்த ஊதா ஸ்வெட்டர்ல இருக்குற பூவ எண்ண உனக்கு நேரம் இருக்காது. மொதல்ல மாத்து, அப்பால சிரி, அப்பால போட்டோ.

இறங்குறப்போ நனைஞ்ச ரிம்மை பிரேக் கட்டை உடனே பிடிக்காது. மொத சுத்துல தண்ணியத்தான் துடைக்கும், அடுத்த சுத்துலதான் பிடிக்கும். வளைவுக்குள்ள போய் அழுத்தலாம்னு நெனச்சன்னா, வளைவு இருக்கும், ரோடு இருக்கும், நீ இருக்க மாட்ட. முன்னாடியே லேசா லேசா பிடிச்சு விடு. உன்னுது டிஸ்க் பிரேக்கா? ரொம்ப நல்லது, சட்டுனு பிடிக்கும், டயர் அதை விடச் சட்டுனு வழுக்கும். ரோட்டுல வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, நனைஞ்ச இலை, டீசல் சிந்துன எடம் இதுல எதுலயும் வண்டியச் சாய்க்காத. மழை ஆரம்பிச்ச மொத கால் மணி நேரம்தான் மோசம், ரோட்டு எண்ணெய் எல்லாம் மேல மிதக்கும். பனிமூட்டத்துல எதிர்ல வர்ற காருக்காரன் சூர்யோதயம் பாக்க வந்தவன், அவனுக்கு சூரியனே தெரியல, நீயா தெரியப் போற? முன்ன பின்ன லைட்டு போட்டுக்கோ.

நான் பயமுறுத்துறேன்னு நெனைக்கிறியா? ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதை இருக்குது, மசினகுடியிலேந்து ஊட்டிக்கு, 36 கொண்டை ஊசி வளைவு. உங்க பசங்க நீலகிரி டூர்னு போய் அதுல டைம் வெச்சு ஏறுவாங்களே, அதே ரோடுதான். வெளியூரு வண்டிங்களை அதுல ஏற விடுறாங்க, இறங்க விட மாட்டாங்க. சர்க்காரு வேற எதுல புத்திசாலியோ இல்லையோ, இதுல புத்திசாலி.

எங்க யூனியன் ஆபீஸுல ஒரு வாத்தியாரு பேப்பர் படிச்சுக்கினே பழைய கதையெல்லாம் சொல்லுவாரு. 1791 அக்டோபர்ல கார்ன்வாலிஸ் படை உன் நந்திதுர்க் கோட்டைய திப்பு ஆளுங்ககிட்டேந்து பிடிக்கப் போச்சாம். அந்தப் பாறையில பீரங்கிய இழுத்து ஏத்தவே வாரக்கணக்குல ஆச்சாம். ராத்திரி ஏறப்போற நேரத்துல ஒரு சிப்பாய், மேல சுரங்கம் வெச்சிருக்கானுங்களாம், வெடிச்சுடும்னு முணுமுணுத்தானாம். அது காதுல விழுந்த ஜெனரல் மெடோஸ், ஆமாம்டா, தங்கச் சுரங்கம்னு சொல்லி ஏத்தி விட்டாராம். பாரு, வெள்ளைக்காரன் எடத்தை மட்டும் தப்பாச் சொல்லிட்டான். தங்கச் சுரங்கம் தொண்ணூறு வருஷம் கழிச்சு நம்மூர்ல வந்துச்சு, 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி வந்தப்போ. உன் ரேஸுலயும் மைக் பிடிச்சுக்கினு ஒருத்தர் ‘கமான் சாம்பியன்ஸ், மழையெல்லாம் ஒரு மேட்டரா’ன்னு கத்துவாரு. அவர் எதுல மேல போறாருன்னு பாரு. ஜீப்பு. ஹீட்டர் போட்ட ஜீப்பு.

அப்படிக் கத்துறப்போ 2021-ஐ நெனச்சுக்கோ. அந்த ஆகஸ்டு ராத்திரி பெஞ்ச மழையில நந்தி மலை சரிஞ்சு ரோட்டையே அடிச்சிட்டுப் போச்சு. மாசக்கணக்குல யாரையும் மேல விடல. நாங்க கீழ பாறை சடசடன்னு பேசுனா அந்த எடத்துல நிக்க மாட்டோம். ராக் பர்ஸ்ட்னு கீழ பாறை வெடிச்சா மேல இருக்குற வீட்டுல பாத்திரம் உருளும், அப்படிப்பட்ட ஊரு இது. மேஸ்திரி ‘வெளிய வா’ன்னா கையில இருக்குறதைப் போட்டுட்டு வந்துடுவோம், ‘இன்னும் ரெண்டு அடி தோண்டுனா தங்கம் இருக்குது சார்’னு எவனும் சொன்னதில்ல. தங்கம் எங்க போகும்? நாமதான் போவோம். மண்ணு கலந்த தண்ணி ரோட்டுக்குக் குறுக்க ஓடுதுன்னு வை, திரும்பிடு. அன்னிக்கு நீ ரேஸுல தோத்தன்னு எவனாவது சிரிச்சா அவனை என்னாண்ட அனுப்பு, ஊதா ஸ்வெட்டர் அவனுக்கு.

அப்பால இன்னொரு சேதி காதுல விழுந்தது. சைனைட் மலையில ப்ராக்டிஸ் பண்றியாமே? சினிமாக்காரன் அங்க ஷூட்டிங் எடுத்தான்னு உங்களுக்கெல்லாம் அது பெரிய மலை ஆயிடுச்சு. கண்ணு, அது மலை இல்ல, நாங்க தோண்டிப் போட்ட கல்லுல தங்கத்தை உறிஞ்சிட்டு மிச்சத்தைக் கொட்டி வெச்ச மாவு. மூணு கோடி டன்னுக்கு மேல கெடக்குது. வெயில் காலத்துல காத்துல பறந்து ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைன்னு எல்லார் வீட்டு சோத்துலயும் விழும். மழையில கரைஞ்சு சேறா ஓடும். அந்தச் சேறு உன் செயின்ல ஏறுனா தவணை முடியறதுக்கு முன்னாடி செயின் முடிஞ்சிடும். உன் நெஞ்சுக்குள்ள ஏறுனா மாத்துற சாமான் கடையில கெடைக்காது. உன் கையில கட்டியிருக்குற வாட்ச்சு மூச்சு எவ்வளவு பிடிக்குதுன்னு நம்பர் போட்டுக் காட்டுதுன்னு பெருமைப்படுற. எங்க செட்டுக்கு அதை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே காட்டுச்சு. சிலிகோசிஸ்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுப்பாங்க. ப்ராக்டிஸ் வேணும்னா கோலார் போ, அந்தரகங்கை மலை ரோடு இருக்குது. நல்ல காத்து, மேல குளம், குரங்கு கூட நந்தியில இருக்குறதை விட மரியாதையானது.

மெடல் இன்னா மெடல் தராங்க? தங்கமா? கொண்டா, கடிச்சுப் பாத்துச் சொல்றேன். இந்த மண்ணுல 800 டன்னுக்கு மேல தங்கம் எடுத்தாச்சு, 2001 பிப்ரவரி 28-ல கதவைச் சாத்துனாங்க. அத்தனையும் எங்க கை வழியாத்தான் மேல போச்சு, உங்க ஆயா காதுல இன்னும் கவரிங்தான் தொங்குது. நீ கட்டுன பணத்துலயே செஞ்ச மெடலை உனக்கே மாட்டி, கையத் தட்டி அனுப்புறாங்களே, ஜான் டெய்லருக்கே தோணாத யோசனை.

போ, போய்ட்டு வா. நான் வேணாம்னு சொன்னன்னு யார்கிட்டயும் சொல்லாத. மொத நாள் ராத்திரி களி தின்னுட்டுப் படு, காலையில லேசா ஏதாவது தின்னு. அந்த ஜெல்லு பாக்கெட்டு எல்லாம் எட்டு கிலோமீட்டருக்குத் தேவையில்ல, கடலை மிட்டாய் ரெண்டு சட்டைப் பையில போட்டுக்கோ, இறங்கி வந்து தின்னலாம். டயரு எத்தனை? இருபத்தெட்டா? நல்லது, மழைன்னா வழக்கமா அடிக்கிறதை விட அஞ்சு பத்து பவுண்டு காத்து கம்மியா வை, ரோட்டைப் பிடிக்கும். காத்து அடிக்கன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. என் ஹெர்குலிஸ் பம்ப்பு உன் வீட்டுலதான் இருக்குது, தீபாவளிக்கு எடுத்துக்கினு போன. அது உன் சைக்கிள் வால்வுல நுழையாதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அப்பால இன்னாத்துக்குடா எடுத்துக்கினு போன? நாளைக்குக் காலையில கொண்டாந்து குடுத்துட்டு அப்பால மலை ஏறு.